மணலும் வெயிலும் – 14: ஓட்டைக் குடத்தின் கதை

சென்ற பகுதியை 1960-ல் நிறுத்தியிருந்தோம். பெல் ஆய்வகத்தில் டேரில் சாப்பின், கால்வின் ஃபுல்லர், ஜெரால்டு பியர்சன் மூவரும் 1954 ஏப்ரலில் உலகுக்குக் காட்டிய சிலிக்கான் மின்கலம், தன்மேல் விழுந்த வெயிலில் 6 விழுக்காட்டைத்தான் மின்சாரமாக்கியது. அடுத்த ஆறு ஆண்டுகளுக்குள் ஹாஃப்மன் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் அதை 14 விழுக்காட்டுக்கு ஏற்றிவிட்டது. அந்த வேகம் நீடித்திருந்தால் 1970-க்குள் 25 வந்திருக்க வேண்டும். வரவில்லை. 14-லிருந்து 20-ஐத் தொட இன்னும் கால் நூற்றாண்டு பிடித்தது. 25-ஐ நெருங்க மேலும் பதினைந்து ஆண்டு ஆயிற்று. 2025-ல் சீனாவின் லாங்கி நிறுவனம் 27.81 என்று பதிவு செய்திருக்கிறது. இத்தனை காலத்திலும் பொருள் மாறவில்லை, அதே சிலிக்கான். வெயிலும் அதே வெயில். பிறகு மாறியது எது? பெரும்பாலானவர்கள் தயங்காமல் சொல்லும் விடை, சிலிக்கான் மேலும் மேலும் சுத்தமானது என்பது. அது பாதி உண்மை. மீதிப் பாதியும் முக்கியமான பாதியும் வேறிடத்தில் இருக்கிறது. சிலிக்கானின் உடம்பைவிட அதன் தோலில், அந்தத் தோலை உலோகம் தொடுகிற இடத்தில் நடந்த வேலைதான் இந்த வரலாற்றை நகர்த்தியது என்பது இந்தப் பகுதியின் வாதம்.

முதலில் எதை மிச்சப்படுத்த முடியும், எதை முடியாது என்ற கணக்கைத் தீர்த்துக்கொள்வோம். சிலிக்கானுக்குள் ஓர் எலெக்ட்ரானைக் கட்டவிழ்க்க 1.12 எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றல் வேண்டும். அதற்குக் குறைந்த ஆற்றலுடன் வரும் அகச்சிவப்புக் கதிர்களைச் சிலிக்கான் கண்டுகொள்வதே இல்லை. வெயிலின் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இப்படி வீணாகிறது. அதற்கு மேற்பட்ட ஆற்றலோடு வரும் நீலம், பச்சை ஒளியில் 1.12 போக எஞ்சியது சூடாகக் கரைந்துவிடுகிறது. இது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இந்த இரண்டையும் யாரும் தடுக்க முடியாது. 1961-ல் வில்லியம் ஷாக்லியும் ஹான்ஸ் குவைசரும் இவற்றோடு, சூடான பொருள் எதுவும் ஒளியைத் திருப்பி உமிழ்ந்தே தீரும் என்ற விதியையும் சேர்த்துக் கணக்கிட்டு, இத்தகைய ஒற்றைச் சந்தி மின்கலத்துக்கு உச்சம் சுமார் 30 விழுக்காடு என்றார்கள். பின்னாளில் சிலிக்கானுக்கே உரிய இன்னொரு இழப்பையும் சேர்த்து, 2013-ல் ஃப்ரைபர்க் ஆய்வாளர்கள் அதை 29.4 என்று நிறுத்தினார்கள். ஆக, 1960-ன் 14-க்கும் இந்த 29.4-க்கும் நடுவே இருப்பது இயற்கை போட்ட வரி அல்ல. நம் கைவேலையின் குறை.

அந்தக் குறையைப் புரிந்துகொள்ள ஓட்டைக் குடம் ஒன்றை நினைத்துக்கொள்வது போதும். மேலே குழாயிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கிறது. அதுதான் ஒளி உண்டாக்கும் எலெக்ட்ரான்கள். குடத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கும் என்பது குழாயைப் பொறுத்தது மட்டுமல்ல, ஓட்டைகளையும் பொறுத்தது. அந்த உயரம்தான் மின்னழுத்தம். கட்டவிழ்ந்த எலெக்ட்ரான் வெளிச்சுற்றுக்குப் போகாமல் தான் விட்டுவந்த காலியிடத்தையே மறுபடி கண்டடைந்து உட்கார்ந்துவிட்டால், அது ஓர் ஒழுகல். அறை வெப்பத்தில் ஒழுகலைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் மின்னழுத்தம் சுமார் 60 மில்லிவோல்ட் உயரும். 1970-களின் நல்ல கலங்கள் 600 மில்லிவோல்ட்டை ஒட்டி நின்றன. இன்றைய சாதனைக் கலங்கள் 750. வித்தியாசம் சிறிதாகத் தெரியலாம். ஆனால் கணக்குப் போட்டால் ஒழுகல் முந்நூறு மடங்குக்கும் மேல் குறைந்திருக்கிறது. ஒழுகல் நடக்கும் இடங்களில் மோசமானது மேற்பரப்பு. படிகத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு சிலிக்கான் அணுவும் நான்கு பக்கமும் நான்கு அண்டை அணுக்களோடு கைகோத்திருக்கிறது. விளிம்பில் நிற்பவற்றுக்குக் கை கொடுக்க ஆளில்லை. நீட்டியபடி நிற்கும் அந்தக் கைகளில் சிக்கித்தான் எலெக்ட்ரான்கள் தொலைகின்றன. உலோகம் நேரடியாகச் சிலிக்கானைத் தொடும் இடம் இதைவிட மோசம். மின்சாரத்தை வெளியே எடுக்க உலோகம் வேண்டும். உலோகம் தொட்டால் மின்சாரம் கசியும். இந்த முரண்பாட்டோடுதான் எழுபது ஆண்டுகளாகப் போராட்டம்.

1960-க்குப் பின் வந்த தேக்கத்துக்குக் காரணம் அறியாமை என்பதைவிட மனநிறைவு என்பதே பொருத்தம். சூரிய மின்கலத்துக்கு அன்று இருந்த ஒரே பெரிய வாடிக்கையாளர் விண்வெளித் துறை. விண்கலத்தில் ஏற்றும் பொருள் ஏற்கெனவே பறந்து, பிழைத்துக் காட்டிய பொருளாக இருந்தால்தான் நம்பிக்கை. அதனால் கலத்தின் வடிவம் உறைந்துபோயிற்று. அந்த உறைவை உடைத்தவர் அமெரிக்காவின் காம்சாட் ஆய்வகத்தில் இருந்த ஜோசப் லிண்ட்மேயர். கலத்தின் முன்பக்கத்தில் பாஸ்பரஸ் அளவுக்கு மீறிப் புகுத்தப்பட்ட படலம் ஒன்று இருந்தது. நீல ஒளி முழுவதும் அந்தப் படலத்திலேயே உறிஞ்சப்பட்டது. அங்கே பிறந்த எலெக்ட்ரான் எதுவும் உயிரோடு வெளியே வரவில்லை. அதைச் 'செத்த படலம்' என்றே அழைத்தார்கள். லிண்ட்மேயர் அந்தப் படலத்தை மெலிதாக்கினார். மெலிதாக்கினால் மின்தடை கூடும், அதனால் மேலே ஓடும் உலோகக் கோடுகளை இன்னும் நெருக்கமாக, இன்னும் மெல்லியதாக வரைந்தார். 1972-ல் வந்த அந்தக் கலம் ஊதா நிறத்தில் மின்னியதால் 'ஊதாக் கலம்' என்றே பெயர் பெற்றது. இரண்டே ஆண்டில் அதே ஆய்வகம் சிலிக்கானின் முகத்தைக் காரக் கரைசலில் அரித்து, கண்ணுக்குத் தெரியாத பிரமிடுகளால் நிரப்பியது. மழமழப்பான சிலிக்கான் தன்மேல் விழும் ஒளியில் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பி எறிந்துவிடும். பிரமிடுகள் நிறைந்த முகத்தில் ஒரு சரிவில் பட்டுத் தெறித்த ஒளி பக்கத்துச் சரிவில் மறுபடி மோதி உள்ளே போகும். திறன் 17 விழுக்காட்டைத் தாண்டியது. பன்னிரண்டு ஆண்டுத் தேக்கத்தை உடைத்த இரண்டு அடிகளும் தோலில்தான் விழுந்தன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சிலிக்கானின் உள்ளே யாரும் கை வைக்கவில்லை.

இதற்குப் பிறகு கதை சிட்னிக்கு நகர்கிறது. பிரிஸ்பேனில் பிறந்து, கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற மார்ட்டின் கிரீன், 1974-ல் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு சிறு குழுவைத் தொடங்கினார். அவருடைய பட்ட ஆய்வு, உலோகத்துக்கும் சிலிக்கானுக்கும் நடுவே சில அணுக்கள் கனமே உள்ள ஆக்சைடுப் படலத்தை வைத்தால் எலெக்ட்ரான்கள் அதை எப்படித் துளைத்துப் போகின்றன என்பதைப் பற்றியது. அந்தப் பழக்கம் அவரை மற்றவர்களிடமிருந்து வேறு திசையில் பார்க்க வைத்தது. பிறர் மின்னோட்டத்தைக் கூட்ட முயன்றபோது, கிரீன் குழு மின்னழுத்தத்தைத் துரத்தியது. குழாயைப் பெரிதாக்குவதை விட்டுவிட்டு ஓட்டையை அடைப்பது என்று முடிவெடுத்தார்கள் என்று சொல்லலாம். முன்பக்கம் முழுவதும் மெல்லிய ஆக்சைடு போர்த்தி, நீட்டிய கைகளுக்கெல்லாம் ஆக்சிஜனைத் துணையாகக் கொடுத்து, உலோகம் சிலிக்கானைத் தொடும் இடத்தைச் சில குறுகிய கீற்றுகளாகச் சுருக்கினார்கள். 1983-ல் 18 விழுக்காடு. 1985-ல் 20. சிலிக்கான் கலத்துக்கு 20 என்பது அதுவரை எட்டாத உயரமாகவே கருதப்பட்டது. ஓட்டத்தில் ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடுவது எப்படியோ, இந்தத் துறையில் அந்த எண் அப்படி.

முன்பக்கம் அடைபட்டதும் பின்பக்கத்து ஓட்டை பெரிதாகத் தெரிந்தது. அன்றைய கலங்களின் முதுகு முழுவதும் அலுமினியம் அப்பியிருந்தது. ஆண்ட்ரூ பிளேக்கர்ஸும் கிரீனும் சகாக்களும் 1989-ல் அறிவித்த கலத்தில் முதுகிலும் ஆக்சைடு போர்த்தி, அதில் ஆங்காங்கே சிறு துளைகள் மட்டும் இட்டு, அந்தத் துளைகள் வழியாக மட்டுமே அலுமினியம் சிலிக்கானைத் தொடும்படி செய்திருந்தார்கள். முதுகின் பெரும்பகுதி அடைக்கப்பட்டது; போதாக்குறைக்கு அந்த ஆக்சைடும் அலுமினியமும் சேர்ந்து நல்ல கண்ணாடியாக வேலை செய்து, உள்ளே தப்பி ஓடும் சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பின. திறன் 22.8. இதுதான் இன்று பெர்க் என்று தொழிலுலகம் அழைக்கும் அமைப்பு. அதே காலத்தில் ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்டு ஸ்வான்சன் வேறு வழியில் அதே விடைக்கு வந்தார். முன்பக்கத்தில் உலோகமே வேண்டாம், இரண்டு முனைகளையும் முதுகிலேயே புள்ளிகளாக வைத்துவிடுவோம் என்பது அவர் வழி. அவர் தொடங்கிய சன்பவர் நிறுவனத்தின் கலங்களைப் பொருத்தித்தான் 1993-ல் ஹோண்டாவின் கார் ஆஸ்திரேலியாவின் டார்வினிலிருந்து அடிலெய்டு வரை ஓடிய சூரியக் கார் பந்தயத்தை வென்றது. வேடிக்கை என்னவென்றால், 1954-ல் பெல் ஆய்வகம் காட்டிய முதல் கலத்திலும் இரண்டு முனைகளும் பின்பக்கத்தில்தான் இருந்தன. மேலே உலோகம் நிழல் விழுத்தக்கூடாது என்ற அந்த முதல் எண்ணத்துக்குத் திரும்பிவர முப்பது ஆண்டு ஆயிற்று.

சிட்னியில் ஜியான்ஹுவா ஜாவோவும் அய்ஹுவா வாங்கும் அடுத்த பத்தாண்டு முழுவதும் மிச்சமிருந்த ஒழுகல்களை ஒவ்வொன்றாகத் தேடிப்போனார்கள். துளைகளுக்கு அடியில் மட்டும் போரானைப் புகுத்தினார்கள். மேலே பிரமிடுகளைத் தலைகீழாக வெட்டினார்கள். 1999-ல் 24.7 விழுக்காடு. பின்னர் வெயிலின் நிறமாலைக்கான உலக அளவுகோல் திருத்தப்பட்டபோது, 2008-ல், அலமாரியில் உட்கார்ந்திருந்த அதே கலம் 25.0 ஆகிவிட்டது. ஒரு விரலும் அசைக்காமல் கூடிய அந்த 0.3 விழுக்காட்டைத் தவிர மற்றதெல்லாம் உழைத்துச் சம்பாதித்தது. அந்தச் சாதனையை 2014 வரை யாரும் முறியடிக்கவில்லை.

இங்கேதான் முதல் ஆட்சேபம் எழுகிறது. அது சாதாரணமான ஆட்சேபமும் அல்ல. சிட்னிக் கலத்தின் பரப்பு வெறும் 4 சதுர சென்டிமீட்டர். அதற்குப் பயன்பட்ட சிலிக்கான் கணிப்பொறிச் சில்லுக்கே அதிகம் என்று சொல்லத்தக்க சுத்தம். ஆக்சைடை வளர்க்க 1,000 டிகிரி செல்சியஸை ஒட்டிய உலையில் நீண்ட நேரம் வைக்க வேண்டும். துளையிட ஒளியச்சுத் தொழில்நுட்பம் வேண்டும். இவ்வளவு செலவில் செய்த கலம் கண்காட்சிப் பொருளே தவிர, கூரைக்கு வருமா? பத்திருபது ஆண்டுகள் இந்தக் கேள்வி நியாயமாகவே ஒலித்தது. தொழிற்சாலைகள் அன்று செய்துகொண்டிருந்த கலம் அத்தனை எளிது. வேஃபர் எனப்படும் மெல்லிய சிலிக்கான் தகட்டின் முன்பக்கத்தில் வெள்ளிப் பசையைத் துணியில் பூ அச்சிடுவது போலத் திரையச்சில் இழுத்து, பின்பக்கம் முழுவதும் அலுமினியப் பசையை அப்பி, உலைக்குள் ஓடவிட்டு எடுத்தால் வேலை முடிந்தது. உருகிய அலுமினியம் சிலிக்கானில் கொஞ்சம் ஊறி, எலெக்ட்ரான்களை முதுகிலிருந்து ஓரளவு தள்ளிநிறுத்தும் ஒரு வேலியையும் தானே உண்டாக்கிவிடும். இந்த முறையில் செய்த கலம் 15, 17 என்று நின்றது. விலை குறைவு, நம்பிக்கை அதிகம், நெளிவு சுளிவு இல்லை. கிரீனும் ஸ்டூவர்ட் வென்ஹாமும் லேசரால் குழி வெட்டி உலோகக் கோடுகளை அதற்குள் புதைக்கும் முறையை உருவாக்கினார்கள், பி.பி. சோலார் நிறுவனம் அதை ஸ்பெயினில் உற்பத்தி செய்தது. நல்ல கலம்தான், ஆனால் திரையச்சை அது வீழ்த்தவில்லை. உயர்திறன் கலங்களை வாங்கியவர்கள், இடம் குறைவாகவும் காசு தாராளமாகவும் இருந்தவர்கள் மட்டுமே.

ஆட்சேபத்துக்கு விடை 1989-லேயே பிறந்திருந்தது என்பதுதான் இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த, சற்று வயிற்றெரிச்சலும் தருகிற இடம். பெர்க் கலம் அறிவிக்கப்பட்ட அதே ஆண்டில், ஜெர்மனியில் ருடால்ஃப் ஹெட்செலும் கே. யேகரும், குறைந்த வெப்பத்திலேயே படியவைத்த அலுமினியம் ஆக்சைடுப் படலம் சிலிக்கானின் மேற்பரப்பை நன்றாக அடைக்கிறது என்று ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். மாணிக்கக் கல்லும் வேதியியலில் இதே பொருள்தான். 1,000 டிகிரி உலை தேவையில்லை என்பது முதல் சிறப்பு. அதைவிடப் பெரிய சிறப்பு அந்தப் படலத்துக்குள் நிலையாகத் தங்கியிருக்கும் எதிர்மின்சுமை. போரான் கலந்த சிலிக்கானின் முதுகில் அந்தச் சுமை எலெக்ட்ரான்களை அண்டவிடாமல் விரட்டும். யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. தொழில் அப்போது சிலிக்கான் நைட்ரைடின் பின்னால் போய்க்கொண்டிருந்தது. நைட்ரைடு முன்பக்கத்துக்கு அருமையான பொருள். ஒளி தெறிப்பதைத் தடுக்கும், ஹைட்ரஜனை உள்ளே அனுப்பிக் குறைகளை ஆற்றும். பேனல்கள் நீல நிறமாகத் தெரிவதற்கு அதுவே காரணம். அதையே முதுகுக்கும் பூசலாம் என்று முயன்றபோது எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. காரணம் 2002-ல் தெளிவானது. நைட்ரைடின் நேர்மின்சுமை எலெக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்து, முதுகோடு ஒரு கள்ள வாய்க்காலை உண்டாக்கி, அவற்றை உலோகப் புள்ளிகளுக்குக் கொண்டுபோய்க் கொட்டியது. அடைப்பதற்கு வைத்த மண்ணே நீரைத் திருடிய கதை. 2006-ல் நெதர்லாந்தின் ஐந்தோவனிலும் பெல்ஜியத்தின் லூவனிலும் இருந்த குழுக்கள் அலுமினியம் ஆக்சைடை மீண்டும் கண்டெடுத்தன. அணு அணுவாகப் படியவைத்த, பத்து நானோமீட்டர் அளவே கனமுள்ள படலம் போதும் என்று காட்டின. இரண்டு ஆண்டுகளுக்குள் ஜெர்மனியில் யான் ஷ்மிட்டின் குழு ஐந்தோவன்காரர்களோடு சேர்ந்து அதை முதுகில் பூசி, 20 விழுக்காட்டைத் தாண்டிய கலம் செய்தது.

அப்புறம் தொழிற்சாலைக்குச் சேர்க்க வேண்டியிருந்தது இரண்டு மூன்று இயந்திரங்கள் மட்டுமே. அலுமினியம் ஆக்சைடு படியவைக்க ஒன்று, அதன்மேல் நைட்ரைடு மூடி போட ஒன்று, துளையிட ஒரு லேசர். பழைய திரையச்சும் பழைய உலையும் அப்படியே இருக்கலாம். இந்த நேரத்தில் வெளியிலிருந்தும் ஒரு தள்ளல் வந்தது. 2000-களில் ஜெர்மனியின் சட்டம் தந்த உறுதியான விலையால் தேவை பெருகி, சிலிக்கானுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, 2008-ல் உடனடிச் சந்தையில் கிலோ 400 டாலரைத் தாண்டியது. வேறு வழியில்லாமல் வேஃபர்களை மெலிதாக அறுக்கத் தொடங்கினார்கள். 300 மைக்ரானுக்கு மேல் இருந்தது 180-க்கு வந்தது. வேஃபர் மெலிந்தால் அதன் உடம்பு சிறுத்துப்போகிறது; இரண்டு தோல்களும் அப்படியே இருக்கின்றன. எலெக்ட்ரான் எங்கே பிறந்தாலும் ஏதேனும் ஒரு மேற்பரப்பு பக்கத்திலேயே இருக்கிறது. போதாததற்கு, முதுகு முழுவதும் அப்பிய அலுமினியம் ஆறும்போது சுருங்கி மெல்லிய வேஃபரை அப்பளம் போல வளைத்தது. சிக்கனத்துக்காக எடுத்த முடிவு, தோலைக் கவனிக்காமல் விட முடியாத நிலைக்குத் தொழிலைக் கொண்டுவந்து நிறுத்தியது. 2010-களின் தொடக்கத்தில் பெர்க் உற்பத்தி தொடங்கியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் உலகச் சந்தையில் பாதிக்கும் மேல் அதுவாகிவிட்டது. 4 சதுர சென்டிமீட்டர் கண்காட்சிப் பொருள் எங்கே இழப்பு நடக்கிறது என்பதற்கு வரைபடம் போட்டு வைத்திருந்தது. மலிவான அடைப்பு கிடைத்த நாளில் எங்கே அடைக்க வேண்டும் என்று யாரும் தேட வேண்டியிருக்கவில்லை. கிரீன், பிளேக்கர்ஸ், ஜாவோ, வாங் நால்வருக்கும் 2023-ல் எலிசபெத் அரசி பொறியியல் பரிசு கிடைத்தது இந்த வேலைக்காகத்தான்.

சுத்தம்தான் எல்லாம் என்பவர்களுக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். அவர்கள் பக்கம் ஒரு வலுவான சாட்சி உண்டு. போரானும் ஆக்சிஜனும் கலந்த சிலிக்கான், வெயிலில் வைத்த முதல் சில மணி நேரங்களில் தன் திறனில் ஒரு பகுதியை இழக்கும். 1973-லேயே ஃபிஷரும் ப்ஷுண்டரும் இதைக் கண்டார்கள். இது தோலின் நோய் அல்ல, உடம்பின் நோய். போரானுக்குப் பதில் கேலியம் கலந்தும், ஹைட்ரஜனை உள்ளே செலுத்திக் குறைகளைக் கட்டிப்போட்டும்தான் தீர்ந்தது. மறுக்கவில்லை. ஆனால் கால வரிசையைப் பாருங்கள். 1973-ல் கண்ட நோய் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் தொழிலின் தூக்கத்தைக் கெடுக்கவில்லை. தோலின் பெரிய ஓட்டைகள் அடைபட்ட பிறகுதான் உடம்பின் சிறு ஓட்டை கண்ணில் பட்டது; பழைய கலத்தில் தெரியாத இழப்பு பெர்க் கலத்தில் தெரிந்தது. அதற்கு முன்னால், கணிப்பொறித் தொழிலின் புண்ணியத்தில், சிலிக்கான் போதுமான அளவு சுத்தமாகவே இருந்தது. பயன்படுத்தத் தெரியாத சுத்தம்.

அடுத்த ஆட்சேபம் பொருளாதாரக்காரர்களுடையது. சூரிய மின்சாரம் மலிந்தது ஜெர்மனியின் சட்டத்தாலும் சீனாவின் பெருந்தொழிற்சாலைகளாலும்தான். திறன் ஓரிரு விழுக்காடு கூடியதால் என்ன வந்துவிட்டது என்கிறார்கள். பெருக்கத்தின் பங்கைக் குறைத்துச் சொல்ல முடியாது. பெருக்கம் இல்லாவிட்டால் அந்தப் புதிய இயந்திரங்களை வாங்கும் துணிவு எந்த முதலாளிக்கும் வந்திருக்காது. அந்தத் தொழிற்சாலைகளை உண்டாக்கியவர்களில் சிலர் கிரீனின் மாணவர்களே. வூசியில் சன்டெக்கைத் தொடங்கிய ஷி ஜெங்ராங் அவரிடம் முனைவர் பட்டம் பெற்றவர். ஆனாலும், விலையை ஒரு வாட்டுக்கு இவ்வளவு என்று கணக்கிடும்போது கீழே வகுக்கும் எண் வாட்தான். திறன் கூடினால் அதே கண்ணாடி, அதே சட்டம், அதே வெள்ளி, அதே கூலி இன்னும் அதிக வாட்டுக்குப் பங்கிடப்படும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்திலிருந்து 2018-ல் வெளிவந்த ஆய்வு, 1980-லிருந்து 2012 வரை பேனல் விலை வீழ்ந்ததற்கான காரணங்களைப் பிரித்துப் பார்த்தபோது, திறன் உயர்வு முதல் வரிசைக் காரணங்களில் ஒன்றாக நின்றது. இன்னொன்றும் உண்டு. கலம் மலிய மலிய, மலியாதவற்றின் பங்கு பெரிதாகிறது. நிலம், இரும்புத் தாங்கிகள், கம்பி, ஆட்கூலி எல்லாம் பரப்பைப் பொறுத்தவை. ராமநாதபுரம் மாவட்டத்தின் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் எழுந்தபோது, சந்தையில் சாதாரணமாகக் கிடைத்த பேனல்கள் 16 விழுக்காட்டை ஒட்டியவை. இன்று 22 விழுக்காட்டுப் பேனல் எளிதாகக் கிடைக்கிறது. அதே மெகாவாட்டுக்குப் பேனல் பரப்பில் கால் பங்குக்கு மேல் மிச்சம். அன்று கலம் விலையுயர்ந்திருந்தபோது திறன் ஆடம்பரம். கலம் மலிந்த பின் அதுவே சிக்கனம்.

கமுதி போன்ற வெக்கை நிலங்களுக்கு இதில் இன்னொரு ஆதாயமும் ஒளிந்திருக்கிறது. திறனை அளப்பது 25 டிகிரி வெப்பத்தில். நண்பகல் வெயிலில் பேனல் 65 டிகிரியைத் தொடுவது நம் ஊரில் அதிசயமல்ல. வெப்பம் ஏற ஏற ஒழுகல் பெருகி மின்னழுத்தம் சரியும். நன்றாக அடைக்கப்பட்ட, மின்னழுத்தம் உயர்ந்த கலத்தில் இந்தச் சரிவு குறைவு. முதுகு முழுவதும் அலுமினியம் அப்பிய பழைய கலம் டிகிரிக்கு 0.4 விழுக்காட்டுக்கு மேல் இழக்கும். இன்றைய சிறந்த கலம் 0.25-ஐ ஒட்டி. 40 டிகிரி ஏற்றத்துக்கு ஒன்று 16 விழுக்காட்டுக்கு மேல் பறிகொடுக்கும், மற்றது 10 விழுக்காடு. ஆய்வக அட்டவணையில் தெரியாத இந்த வித்தியாசம் தென்னாட்டு மே மாதத்தில் தெரியும்.

பெர்க்கிலும் ஓர் ஓட்டை மிச்சம் இருந்தது. துளைகளின் அடியில் உலோகம் சிலிக்கானைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. ஜப்பானின் சான்யோ நிறுவனம் 1990-களிலேயே இதற்கு வழி கண்டிருந்தது. கால்குலேட்டர்களுக்கான படிகமற்ற சிலிக்கானில் கைதேர்ந்த அந்த நிறுவனம், அதையே மெல்லிய போர்வையாகப் படிகச் சிலிக்கானின் இருபுறமும் போர்த்தி, உலோகம் போர்வையை மட்டுமே தொடும்படி செய்தது. மின்சாரம் கடக்கும், ஒழுகல் கடக்காது. 2014-ல் சிட்னியின் 25.0-ஐ முறியடித்த 25.6 இந்தப் பரம்பரையில் வந்த பானசோனிக் கலம்தான். பின்னர் கனேகா நிறுவனம் 26-ஐத் தாண்டியதும் இதே வழியில். ஃப்ரைபர்கின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வகம் 2013-ல் முன்வைத்த டாப்கான் முறை இன்னும் சுவையானது. உலோகத்துக்கும் சிலிக்கானுக்கும் நடுவே ஒன்றரை நானோமீட்டருக்கும் குறைந்த ஆக்சைடு, எலெக்ட்ரான் துளைத்துக் கடக்கும் கனம். நாற்பதாண்டுகளுக்கு முன் மெக்மாஸ்டரில் கிரீன் எடுத்துக்கொண்ட பொருளின் பேரப்பிள்ளை என்று அதைச் சொல்லலாம். 2024-க்குள் சந்தையில் பெர்க்கை அது பின்னுக்குத் தள்ளிவிட்டது. பரப்பும் இப்போது தபால்தலை அளவு அல்ல. 2022-ல் லாங்கி காட்டிய 26.81 விழுக்காடு 274 சதுர சென்டிமீட்டர் முழு வேஃபரில் அளந்தது. மின்னழுத்தம் 750 மில்லிவோல்ட்டுக்குச் சற்று மேல். ஆய்வகத்துக்கும் ஆலைக்கும் நடுவே இருந்த இருபது ஆண்டு இடைவெளி கரைந்துவிட்டது.

இனி மிஞ்சியிருப்பது 27.81-க்கும் 29.4-க்கும் நடுவிலுள்ள ஒன்றரைச் சொச்சம். முன்பக்கமும் முதுகும் உலோகம் தொடும் இடமும் ஏறக்குறைய அடைபட்டுவிட்டன. இப்போது எஞ்சிய ஒழுகலில் பெரியது எந்தத் தோலிலும் இல்லை. கட்டவிழ்ந்த எலெக்ட்ரான்கள் குடத்தில் நெருக்கமாகக் குவியும்போது, ஒன்று தன் பழைய காலியிடத்தில் விழுந்து, அந்த ஆற்றலைப் பக்கத்திலிருக்கும் இன்னொன்றுக்குக் கொடுத்துச் சூடாக்கிவிடுகிறது. ஓஷே என்ற பிரெஞ்சு அறிவியலாளரின் பெயரால் வழங்கும் இந்த இழப்பு, குற்றமற்ற படிகத்திலும் நடக்கும், ஃப்ரைபர்க்காரர்கள் 29.4-ல் கோடு போட்டதும் இதற்காகத்தான். வேஃபரை இன்னும் மெலிதாக்கி, ஒளியைப் பிரமிடுகளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே பலமுறை அலையவிட்டு அந்தக் கோட்டின் அருகில் போகலாம், தாண்ட முடியாது. தாண்ட வேண்டுமானால் சிலிக்கான் வீணடிக்கும் நீலத்தையும் பச்சையையும் அதற்கு முன்னாலேயே உண்டு முடிக்கும் இன்னொரு கலத்தைத் தலைமேல் ஏற்ற வேண்டும். பெராவ்ஸ்கைட் என்ற பொருளை அப்படி ஏற்றி லாங்கி 2025-ல் 34.85 விழுக்காட்டை எட்டியது. அந்தப் பொருள் மழையையும் வெக்கையையும் இருபத்தைந்து ஆண்டு தாங்குமா என்ற வழக்கை அடுத்த பகுதியில் விசாரிப்போம்.